அண்ணலின் படிப்புக்குப் பணம் கட்டியது யார்?

நம் ஊர் முகப்புகளில், பேருந்து நிறுத்தங்களில், பல இடங்களில் கம்பிக் கூண்டுக்குள், அண்ணல் அம்பேத்கர் சிலையாக நிற்கிறார். நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, ஒரு கையில் புத்தகம். அவர் பெரிய படிப்புப் படித்தவர் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவில் முனைவர் பட்டம், லண்டனில் டி.எஸ்சி. பட்டம், பாரிஸ்டர் பட்டம் என்று ஏப்ரல் 14 மேடைகளில் அடுக்கிச் சொல்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. அந்தப் படிப்புக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கல்லூரிக் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. கம்மலை அடகு வைப்பதா, வங்கியில் கடன் கேட்பதா, அரசு உதவித்தொகை வருமா வராதா என்று அந்த வீட்டில் இரவெல்லாம் பேச்சு நடக்கும். அண்ணலின் வாழ்க்கையிலும் இந்தப் பேச்சு கால் நூற்றாண்டு நடந்தது. பணத்தின் வழியாக அவருடைய படிப்பைப் பின்தொடர்ந்து போனால், இன்று அரசு தரும் உதவித்தொகை எப்படி வந்தது, அதை நாம் எந்த முகத்தோடு கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

தகப்பன் வாங்கிய கடன்

1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்ற ராணுவ ஊரில் பீமாராவ் பிறந்தார். ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்கு 14ஆவது பிள்ளை. தகப்பனார் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியர் வேலையும் பார்த்தவர் என்பதால் எழுத்தின் அருமை அறிந்தவர். ஆனால் ஓய்வு பெற்றுச் சாத்தாராவுக்குக் குடிவந்த பிறகு, சுபேதார் மகன் என்ற மதிப்பு பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. வகுப்பில் பீமாராவ் தனியே உட்கார வேண்டும். உட்காரும் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் திரும்ப எடுத்துப் போக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

பிறகு குடும்பம் பம்பாய்க்குப் போனது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்தான். இரவு 2 மணி வரை தகப்பன் விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் படுப்பார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் காசில்லாத நாட்களில், கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்கு நடப்பார். அவர்களிடம் காசு இல்லையென்றால் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அண்ணலின் படிப்புக்கு முதலில் கடன் கொடுத்தவர்கள் அவருடைய அக்காமார்கள்தான். இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. இன்றும் நம் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்தில் பாதி, அக்காவின் தோட்டிலும் அம்மாவின் தாலிக் குண்டிலும் இருந்துதான் வருகிறது.

1907இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து பீமாராவ் மெட்ரிக் தேறினார். எடுத்த மதிப்பெண் 750க்கு 282. இன்றைய கணக்கில் யாரும் சுவரொட்டி ஒட்ட மாட்டார்கள். அன்று அந்தச் சமூகத்தில் அது பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் நடந்தது. அங்கே கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். புத்தகம் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. மேற்கொண்டு படிக்கப் பணமில்லாமல் பீமாராவ் தவித்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே. மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். அந்த 25 ரூபாய்தான் எல்பின்ஸ்டன் கல்லூரியின் கதவைத் திறந்தது. 1912இல் பொருளாதாரமும் அரசியலும் பாடமாக எடுத்து பி.ஏ. தேறினார்.

கையெழுத்திட்ட நிபந்தனை

1913 ஜனவரியில் பரோடா அரசு வேலையில் சேர்ந்த சில நாட்களில், தகப்பனுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். பரோடா வேலைக்குத் திரும்பவும் மனமில்லை. அந்த நேரத்தில்தான், சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்கவைக்கப் பரோடா மன்னர் முடிவு செய்தார். அதில் ஓர் இடம் பீமாராவுக்குக் கிடைத்தது. மாதம் 11.5 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. 1913 ஜூன் 4 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். படித்து முடித்துத் திரும்பியதும் 10 ஆண்டு பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். படிப்புக்கு வரும் பணம் எல்லாம் ஒன்றல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் உதவித்தொகை. வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியது கடன். இரண்டுக்கும் நடுவில், பணத்துக்குப் பதில் உழைப்பைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. பீமாராவ் முதலில் பெற்ற 25 ரூபாய் ஒரு வகை, அமெரிக்காவுக்குப் போகப் பெற்ற தொகை இன்னொரு வகை. எந்தத் தாளில் கையெழுத்திடுகிறோம், அது நாளைக்கு நம்மிடம் எதைக் கேட்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

1913 ஜூலையில் நியூயார்க்கில் இறங்கி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்று ஆண்டுப் பணத்தில் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவும் படித்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள். வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் வேறு. 1915இல் எம்.ஏ. பட்டம். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி நிலைத்தன என்பது பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். அன்று அவருக்கு வயது 25. சாதியை அடியோடு ஒழிக்கக் கிளம்பிய சிந்தனையின் முதல் படி அந்தக் கட்டுரை. உதவித்தொகையில் படிக்கப் போன மாணவர் அந்தத் தலைப்பை எடுத்தார், யாரும் தடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

கிடைத்த தொகையில் ஒரு பகுதி பம்பாயில் இருந்த குடும்பத்துக்குப் போனது. மீதியில் வயிற்றைச் சுருக்கிப் பழைய புத்தகக் கடைகளில் புத்தகம் வாங்கினார். விடுதியில் அவரோடு தங்கிய நவல் பதேனா என்ற பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார்.

பதினோரு நாள் பரோடா

1916இல் லண்டன் போனார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஒரு பக்கம், கிரேஸ் இன் என்ற சட்ட நிறுவனத்தில் ஒரு பக்கம் சேர்ந்தார். ஓராண்டுக்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு, 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்து சேர்ந்தார். அது முதல் உலகப் போர்க் காலம். தனியே வேறொரு கப்பலில் அனுப்பிய புத்தகங்கள், குண்டடி பட்ட கப்பலோடு கடலில் போயின.

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலை ஏற்கப் போனார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அரசு அதிகாரிக்கு அந்த நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். அலுவலகத்திலும் தீண்டாமை விடவில்லை. பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு ஒரு கூட்டம் சத்திரத்துக்கு வந்து நின்றது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். தெரிந்த இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

பத்தாண்டு வேலை செய்வதாகக் கையெழுத்திட்டவர் பதினோரு நாளில் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தத்தை மீற அவர் நினைக்கவில்லை. படிக்கப் பணம் கொடுத்த அரசால், படித்தவர் படுக்க ஓர் இடம் கொடுக்க முடியவில்லை. பணம் கட்டிவிட்டால் மட்டும் படிப்பு பயன் தந்துவிடாது. தங்க விடுதி வேண்டும், மதிப்போடு வேலை பார்க்க இடம் வேண்டும். இந்தப் பாடத்தை அவர் பின்னாளில் சட்டமன்றத்திலும் ஆட்சியிலும் மறக்கவில்லை.

நண்பர் கொடுத்த 5,000

பம்பாயில் பிழைப்புக்குப் பல வழிகளைப் பார்த்தார். பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுத்தார். பங்கு வணிகத்துக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அங்கும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்க் குடத்தை அவர் தொடுவதற்குச் சில பேராசிரியர்கள் எதிர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அவர் வகுப்புக்கு வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

450 ரூபாய் அன்றைக்குப் பெரிய சம்பளம். அவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அறை மாறவில்லை, செலவு கூடவில்லை. லண்டனில் பாதியில் விட்ட படிப்புக்காகச் சேர்த்தார். சேர்த்த பணம் போதவில்லை. கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1920 ஜூலையில் வேலையை விட்டுவிட்டு மீண்டும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

எதற்குக் கடன் வாங்கினார் என்பதையும் கவனிக்க வேண்டும். என்ன படிப்பு, எந்த நிறுவனம், எத்தனை ஆண்டு, முடித்தால் என்ன வேலை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். முதலில் தன் சேமிப்பு, அடுத்து உதவி, அதற்கும் போதாத தொகைக்கு மட்டும் கடன். கடன் கொடுத்தவரும் நம்பிக்கையான நண்பர். இந்த வரிசையை நம் வீடுகளிலும் கடைப்பிடிக்கலாம்.

லண்டனில் நூலகம் திறக்கும்போது நுழைந்து, மூடும்போது வெளியே வந்தார். பெரும்பாலும் அரை வயிற்றுச் சாப்பாடு. பம்பாயில் ராமாபாய் அம்மையார் அதைவிடக் குறைவில் குடும்பத்தை ஓட்டினார். கணவன் படிப்பும் போராட்டமுமாக இருந்த அந்த வறுமைக் காலத்தில், பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரை அம்மையார் பறிகொடுத்தார். அண்ணலின் பட்டங்களுக்குக் கணக்கு எழுதினால், மன்னர்களின் தொகையையும் நண்பரின் கடனையும் எழுதுவதற்கு முன் அந்த அம்மையாரின் பெயரை எழுத வேண்டும்.

1921இல் எம்.எஸ்சி. பட்டம் வந்தது. அடுத்து பாரிஸ்டர் தகுதி. டி.எஸ்சி. பட்டத்துக்கு ரூபாயின் பிரச்சினை பற்றி எழுதிய ஆய்வேட்டைத் திருத்தித் தரும்படி தேர்வாளர்கள் கேட்டபோது கையில் பணம் தீர்ந்திருந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி எழுதி அனுப்பினார். அந்த ஆண்டிலேயே பட்டமும் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்யக்கூடப் பணம் இல்லாத நிலையில் நவல் பதேனாதான் மறுபடி கை கொடுத்தார். வழக்கு குறைவாக இருந்த நாட்களில் கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் பகுதி நேர வகுப்பு எடுத்தார்.

கொலம்பியாவில் எழுதிய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பது அதன் பொருள். அதன் பிறகு 1927இல் கொலம்பியா முனைவர் பட்டம் வழங்கியது. அந்த நூலைத் தம் படிப்புக்கு உதவிய பரோடா மன்னருக்கு நன்றியோடு காணிக்கையாக்கினார். அந்த நகரம் தம்மை விரட்டியதை அவர் மறக்கவில்லை. மன்னர் செய்த உதவியையும் மறக்கவில்லை.

மன்னர் தயவிலிருந்து அரசின் பட்ஜெட்டுக்கு

ஒரு ஆசிரியருக்கு மனமிருந்தது, ஒரு மன்னருக்கு மனமிருந்தது, ஒரு நண்பரிடம் பணமிருந்தது. அதனால் ஒரு பீமாராவ் படித்தார். அதே பரேல் குடியிருப்பில், அதே சாத்தாரா வகுப்பறையில் இருந்த மற்றப் பிள்ளைகள்? அவர்களுக்காக மன்னரிடம் பேச ஒரு கேலுஸ்கர் இல்லை. ஒருவரின் இரக்கத்தை நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது என்பதை அண்ணல் தம் வாழ்க்கையிலிருந்தே அறிந்திருந்தார்.

1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைச் சபை திறந்தது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டதும், கல்வி மானியத்தின் மீது பேசினார். சாராய வரியில் மக்களிடம் வாங்கும் தொகையைக்கூட அரசு அவர்கள் படிப்புக்குச் செலவிடவில்லை என்று கணக்கோடு காட்டினார். கொடுத்ததற்குச் சரியாக விலை வாங்கும் வியாபாரமாகக் கல்வியை நடத்தக் கூடாது, ஒடுக்கப்பட்டவர்களுக்கு அதை முடிந்த அளவு மலிவாக்க வேண்டும் என்று வாதிட்டார். சிறு தொகையைக் கையில் கொடுத்தால் வறுமைப்பட்ட வீட்டில் அது வேறு செலவுக்குப் போய்விடும், அதனால் விடுதிகள் கட்டுங்கள் என்றும் கேட்டார். பரோடாப் பூங்காவில் இரவு ரயிலுக்குக் காத்திருந்தவர் கேட்ட விடுதி அது.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டு அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாகக் கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுதோறும் தலா 3 லட்சம் ரூபாய் கொடுத்து வந்தது. பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் எழுப்பிய கேள்வி. குமாஸ்தா வேலைக்கு ஆள் சேர்க்க அவர் இதைக் கேட்கவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமும் படித்து, நிர்வாகத்தின் உயர் பதவிகளில் போய் உட்கார ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்டார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டில் படிக்கவும் சிலர் அனுப்பப்பட்டார்கள். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் திட்டம் அதுவே.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அது 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் இன்று மிலிந்த் என்று வழங்கும் கல்லூரியையும் தொடங்கியது. அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் கல்வி நலனைத் தனி அக்கறையோடு வளர்ப்பதை அரசின் கடமையாக்கியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், 1951இல் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிரிவு சேர்ந்தது. அப்போது சட்ட அமைச்சர் அண்ணல்தான். 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவர் பெற்ற 25 ரூபாய் ஒரு மன்னரின் தயவு. அவர் விட்டுச் சென்ற உதவித்தொகை அரசின் கடமை.

இன்று நம் கையில் இருப்பது

அந்தக் கடமை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதும் அண்ணலைப் படிப்பதில் சேர்ந்ததுதான்.

பதினொன்றாம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். திருப்பித் தர வேண்டாத கட்டணங்களோடு, படிப்பையும் விடுதியில் தங்குவதையும் பொறுத்து ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை படிப்புப் படி தரப்படுகிறது. முன்பு பெரும் சுமை மாநிலங்களின் தலையில் விழுந்து, பல மாநிலங்களில் தொகை நிலுவையில் நின்றது. மாநிலங்களும் மாணவர் அமைப்புகளும் போராடிய பிறகு, 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு மாற்றப்பட்டது. ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் வராது. வந்த பணத்தில் கல்லூரிக் கட்டணப் பகுதியைக் கல்லூரியில் கட்டியாக வேண்டும், வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடக் கூடாது. நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

உதவித்தொகை போதாதபோதுதான் கல்விக் கடன். வங்கிகளில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரையான கடனுக்கு ஒன்றிய அரசின் உத்தரவாத நிதி உண்டு. படிப்புக் காலத்திலும் முடித்து ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஆண்டு தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்கினால், 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி படித்தால், தவணை தொடங்கும் வரையான அந்த வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வங்கியில் கேட்டு, எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். கேட்காதவர் கணக்கில் அது தானாக வந்து விழுவதில்லை. எப்படிப் பார்த்தாலும் மீட்டர் வட்டிக்காரரைவிட வங்கிக் கடன் மேல். வங்கிக் கடனைவிட உதவித்தொகை மேல். வரிசையை மாற்றிவிடக் கூடாது.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குத் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. ஆனால் 2022இல் அதன் விதிகள் மாறின. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தத் தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். 1916இல் கொலம்பியாவில் சாதியைப் பற்றிக் கட்டுரை படித்த அந்த 25 வயது மாணவர், அதே ஆய்வுத் தலைப்போடு இன்று விண்ணப்பித்தால் இந்த விதியின்படி மனு தள்ளுபடியாகும். ஒரு மன்னர் கொடுத்த பணத்துக்கு இல்லாத கட்டுப்பாடு, மக்களாட்சி கொடுக்கும் பணத்துக்கு வந்திருக்கிறது. இதை எதிர்த்துக் கேட்பதும் நம் வேலைதான்.

இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றும் சேர்க்கைக்கு முன்பே தயாராக இருக்கட்டும். ஊருக்கு நான்கு பட்டதாரிகள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் சரிபார்த்துவிடலாம். உதவித்தொகை இருக்கும்போதே முழுக் கட்டணத்தையும் உடனே கட்டச் சொல்லி யாராவது விரட்டினால், அதை எழுத்தில் தரச் சொல்லி, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனுக் கொடுப்போம். மனுவின் நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்வோம். அந்த வரிசையில் நிற்கும் பிள்ளை தலை குனிய வேண்டிய அவசியம் இல்லை. அங்கே யாரும் பிச்சை போடவில்லை. 1942இல் வைசிராயின் மேசைக்கு முன் நின்று நமக்காக ஒருவர் கேட்டு வாங்கிவைத்த பங்கு அது.